இரோரி: அடுப்பும் புகைப்பரணும் ஒன்றான வீடு

ஜப்பானின் மலைநாட்டில் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். உத்தரமும் விட்டமும் கைமரங்களும் எண்ணெய் பூசியதுபோல் கறுத்து மின்னினால், அங்கே தலைமுறை தலைமுறையாக நெருப்பு எரிந்திருக்கிறது. மரம் மங்கிப்போய் மூலையெல்லாம் ஒட்டடை தொங்கினால், நெருப்பு அணைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டின் நலத்தை அறிய இதைவிட விரைவான சோதனை இல்லை. இரண்டு நாள் தங்கப்போகிறவருக்கும், ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டே இப்படியொரு வீட்டை வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறவருக்கும் இந்த அத்தியாயம் பயன்படும்.

அந்த நெருப்பின் இடம்தான் இரோரி. பலகைத் தரையில் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டிய குழி. பெரும்பாலும் ஒரு பக்கம் மூன்று ஷாக்கு, அதாவது சுமார் 90 செ.மீ. குழி நிறையச் சாம்பல், சுற்றிலும் தடித்த மரச்சட்டம். நடுவில் விறகு எரியும். புகைபோக்கி கிடையாது. புகை அறைக்குள்ளேயே எழுந்து, கூரை வரை ஏறி, உச்சியில் உள்ள திறப்பின் வழியே மெதுவாகக் கசிந்து போகும். சோறு வடிக்கும் மண் அடுப்பு தனியாக, வாசலை ஒட்டிய மண்தரையில் இருக்கும். அதன் பெயர் கமாதோ. மேற்கு ஜப்பானில் கமாதோவுக்கு முதலிடம்; குளிர் மிகுந்த கிழக்கிலும் வடக்கிலும் குடும்பமே இரோரியைச் சுற்றித்தான்.

புகைபோக்கி வைக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வீட்டில் புகைக்கு வேலை இருந்தது. சமையலும் கணப்பும் முடிந்த பிறகு மிஞ்சுகிற புகைதான் மீனைக் கெடாமல் வைத்தது, முள்ளங்கியை உலர்த்தியது, கூரையைப் பூச்சியிடமிருந்து காத்தது. நம் கிராமத்து வீடுகளில் விறகடுப்புக்கு மேலே பரண் கட்டி, புளியையும் விதையையும் புகை படும்படி வைத்திருந்த அதே அறிவுதான். அங்கே அந்த அறிவின்மேல் முழு வீட்டையே கட்டியிருக்கிறார்கள்.

நெருப்புக்கு மேலே என்னென்ன

நெருப்புக்கு நேர் மேலே தொங்குவது ஜிசாய்காகி என்ற கொக்கி. உத்தரத்திலிருந்து ஒரு மூங்கில் குழாய் இறங்கும். அதற்குள் ஒரு கம்பு. கம்பின் நுனியில் கொக்கி. கொக்கியில் இரும்புக் கெண்டியோ குழம்புச் சட்டியோ. தீயைக் கூட்டிக் குறைப்பதற்குப் பதில் சட்டியை ஏற்றி இறக்குவதுதான் இங்கே வழக்கம். பூட்டாக இருப்பது குறுக்கே கிடக்கும் ஒரு மரத்துண்டு. பெரும்பாலும் மீன் வடிவில் செதுக்கியிருப்பார்கள்; மீன் நீரில் வாழ்வதால் தீ விபத்திலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. அதன் ஓட்டை வழியே கம்பு போகிறது. மீனை ஒரு கையால் கிடையாக நிமிர்த்தினால் பிடி தளரும், மறுகையால் கொக்கியை நகர்த்தலாம். கையை விட்டதும் சட்டியின் கனத்தாலேயே மீன் சாய்ந்து கம்பைக் கவ்விக்கொள்ளும். ஆணி இல்லை, திருகு இல்லை. ஆசைக்கு ஒருமுறை செய்து பாருங்கள், ஆனால் வெறும் கெண்டியோடு. கொதிக்கும் குழம்பு நிறைந்த சட்டியோடு வேண்டாம்.

அதற்கும் மேலே, கயிற்றில் கட்டிய மரச்சட்டக்கூடு ஒன்று தொங்கும். ஹிதானா என்பார்கள். நெருப்பிலிருந்து பறக்கும் பொறி கூரைப் புல்லைத் தொடாமல் தடுப்பது அதன் முதல் வேலை. சூட்டையும் புகையையும் நேராக மேலே போகவிடாமல் அறை முழுக்கப் பரப்புவது அடுத்தது. பனியில் நனைந்த வைக்கோல் செருப்பு, மீன், கொட்டைகள் எல்லாம் காய்வதும் அதன்மேல்தான். ஓரமாக, வைக்கோலை இறுக்கிக் கட்டிய உருளை ஒன்று தொங்குவதையும் பார்ப்பீர்கள். சுட்ட மீனைக் குச்சியோடு அதில் குத்தி வைப்பார்கள். உடலெங்கும் அம்பு தைத்து நின்றபடியே இறந்தான் என்று சொல்லப்படும் வீரன் பென்கேயின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இனி கூரை. கிஃபு மாநிலத்து ஷிரகாவா-கோவும் தொயாமா மாநிலத்து கொகயாமாவும் 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தவை. அங்குள்ள காஷ்ஷோ வீடுகளின் கூரை ஏறத்தாழ 60 பாகைச் சரிவில், கூப்பிய கைகள்போல் நிற்கும். முக்கியக் கூரை மரங்களை ஆணியடித்து இணைக்கவில்லை. வைக்கோல் கயிற்றாலும் வளைத்த இளமரக் கிளைகளாலும் கட்டியிருக்கிறார்கள். மேல்தளப் பலகைகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். கீழே எரியும் இரோரியின் சூடு அதன் வழியே ஏறி, மேலே வளர்த்த பட்டுப்புழுக்களுக்குக் கதகதப்புத் தந்தது. கூடவே ஏறிய புகை கயிற்றையும் புல்லையும் ஈரம் தங்காமல் உலர்த்தி, பூச்சி அண்டாமல் வைத்தது. இப்படிப் புகைபட்ட கூரையை 30, 40 ஆண்டுக்கு ஒருமுறை, ஊரே கூடித் திருப்பி வேய்வார்கள். நூறாண்டுக்கு மேல் புகை குடித்த கூரை மூங்கில் செம்பழுப்பு நிறமாகிவிடும். வீட்டை இடிக்கும்போது அந்த மூங்கிலைத் தேநீர்க் கலக்கிக்கும் புல்லாங்குழலுக்கும் நல்ல விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

கொகயாமாவில் இரோரிக்குப் பக்கத்தில், தரைக்கு அடியில் இன்னொரு தொழிலும் நடந்தது. குழி தோண்டி மண், செடிதழை, பட்டுப்புழு எச்சம் ஆகியவற்றை அடுக்கிப் பல ஆண்டுகள் மக்கவிட்டு, அதிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள். அது காகா நிலப்பிரபுவின் துப்பாக்கி மருந்துக்குப் போயிற்று. குளிர்காலத்திலும் அந்த மண்ணை உறையவிடாமல் காத்தது அடுப்பின் சூடு.

எங்கே உட்காருவது

நான்கு பக்கத்துக்கும் நான்கு பெயர் உண்டு. வீட்டின் உட்சுவருக்கு முதுகு காட்டி, வாசல் மண்தரையைப் பார்த்திருப்பது யோகொசா. குடும்பத் தலைவரின் இடம். அதற்கு ஒரு பக்கம், சமையல் சாமான்கள் கைக்கெட்டும் தூரத்தில், வீட்டம்மாவின் இடம். எதிர்ப்பக்கம் விருந்தாளிக்கு. மண்தரையை ஒட்டிய கடைசிப் பக்கத்தில்தான் நீள விறகின் வால் கிடக்கும். கடைக்குட்டிகளும் வேலையாட்களும் அங்கே. இன்றைய விடுதிகளில் யாரும் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் யோகொசாவில் தானாகப் போய் உட்காராமல், வீட்டுக்காரர் கைகாட்டும் வரை நின்றால் அவர் முகம் மலரும்.

மரச்சட்டத்தை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. நெருப்பில் துப்பக்கூடாது, காகிதம், குப்பை, பழத்தோல் எதையும் போடக்கூடாது. நெருப்புக்குத் தெய்வம் உண்டு என்ற எண்ணம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அதோடு, அந்தப் புகைதான் நீங்கள் சாப்பிடப்போகும் மீனின்மேல் படிகிறது.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பொறி பட்டால் செயற்கை இழைச் சட்டை உருகி ஓட்டையாகும். பருத்தியோ கம்பளியோ போட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடி அணிவது உத்தமம். ஆஸ்துமா உள்ளவரும் கைக்குழந்தையோடு வருபவரும் விறகு எரியாத, கரி மட்டும் எரிக்கும் விடுதியைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். காற்றில் மிதக்கும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவு, ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மூடிய அறையில் எரியும் விறகு அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடும். ஓரிரவு தங்குவதற்கும் ஆயுள் முழுக்க அந்தப் புகையிலேயே சமைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அப்படிச் சமைத்த பெண்களின் கண்ணும் நெஞ்சும் கொடுத்த விலையை மறந்துவிட்டு இரோரியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நெருப்பு மூட்டுவது, காப்பது, அணைப்பது

விடுதியில் இது வீட்டுக்காரரின் வேலை. உங்கள் பொறுப்பில் ஒரு வீடு இருந்தால் மட்டும் கீழ்க்கண்டவை.

விறகு ஓக், செர்ரி போன்ற கடின மரமாக இருக்கட்டும். வெட்டிப் பிளந்து ஓராண்டாவது, முடிந்தால் இரண்டாண்டு, மழை படாமல் காய்ந்திருக்க வேண்டும். பைன் போன்ற பிசின் மரம் கரியைக் கக்கும். செஸ்ட்நட் விறகு வெடித்துப் பொறியை அறை முழுக்க வீசும். புல்கூரை வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். கட்டட வேலையில் மிஞ்சிய பலகை, பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை எதுவும் கூடாது.

தீ சிறியதாக இருக்க வேண்டும். நீள விறகுகளின் தலைகளை நடுவில் சேர்த்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போவதுதான் முறை. விறகைக் குவித்துக் கொழுந்துவிட்டு எரியவிடுவது குளிர்காயத் தெரியாதவர் செயல். சாம்பலைத் தினமும் பல்லுள்ள சிறு கரண்டியால் சமப்படுத்தி, கட்டிகளையும் கரித்துண்டுகளையும் சலித்து எடுங்கள். நன்றாகக் காய்ந்த, மாவுபோன்ற சாம்பல்தான் தணலைத் தாங்கும். ஈரச்சாம்பலில் குத்திய மீன்குச்சி சாயும், தணலும் சீக்கிரம் அணையும்.

இரவில் தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது. தணலில் நீர் பட்ட கணத்தில் சாம்பல் புகைமண்டலமாகக் கிளம்பி, கண்ணிலும் பாயிலும் சோற்றிலும் படியும். கங்குகளை இரும்பு இடுக்கியால் எடுத்து மூடியுள்ள பானையில் போட்டு மூடினால் காற்றில்லாமல் அணையும்; மறுநாள் அதே கரி சட்டென்று பற்றிக்கொள்ளும். இல்லையென்றால், ஒன்றிரண்டு பெரிய கங்குகளைச் சாம்பலுக்குள் புதைத்து வைப்பார்கள். நாம் நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான். விடியற்காலையில் சாம்பலை விலக்கி, சுள்ளி வைத்து ஊதினால் போதும். ஆனால் புதைத்த நெருப்போடு அந்த அறையில் படுத்துத் தூங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

மீன் சுடுதல்

மலையோடைகளில் கிடைக்கும் இவானா, யமாமே, ஆயு ஆகியவைதான் இரோரி மீன்கள். குடலையும் முதுகெலும்பை ஒட்டிய இரத்தக்கோட்டையும் எடுத்துவிட்டு, கழுவி, ஈரம் ஒற்றுங்கள். மூங்கில் குச்சியை வாய் வழியே செலுத்தி, உடலை வளைத்து வளைத்துக் கோக்க வேண்டும். மீன் நீந்துவதுபோல் நெளிந்து நிற்கும். நெளிவு அழகுக்காக மட்டுமல்ல, வெந்து மெத்தென்று ஆன மீன் குச்சியில் சுழலாமல் இருக்கவும்தான். உடம்பெங்கும் உப்பைத் தூவி, துடுப்புகளிலும் வாலிலும் மட்டும் உப்பை அழுத்திப் பூசுங்கள். அவை கருகாமல் வெள்ளையாக நிற்கும்.

சுவாலை அடங்கிக் கங்கு சிவந்த பிறகே மீனைச் சாம்பலில் நடுவது. தலை கீழே, வால் மேலே. கங்கிலிருந்து ஒரு சாண் தூரம். இந்தத் தூரத்தில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கிட்டே வைத்தால் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும், எட்ட வைத்தால் வெறுமனே உலரும். சுட்டு எடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் திருப்பி விடுங்கள். கொழுப்பு உடல் வழியே இறங்கி, வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாம்பலில் விழும். அந்தச் சொட்டு நின்றால் மீன் தயார். தலையை முறித்தால் மொறுமொறுவென்று எலும்போடு தின்னலாம். நன்னீர் மீனில் ஒட்டுண்ணிகள் இருப்பதால் அரைவேக்காட்டுக்கு இங்கே இடமில்லை.

சேமித்து வைக்கும் மீனையும் முதலில் இப்படி முழுக்கச் சுட்டுத்தான் வைக்கோல் உருளையில் குத்துவார்கள். பிறகு நாள்கணக்கில், வாரக்கணக்கில் புகையில் காய்ந்து விறகுபோல் இறுகும். அதைக் கொதிக்க வைத்தால் சாறுக்கு அருமையான அடிச்சுவை. பச்சை மீனை அப்படியே தொங்கவிட்டால் புகை காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். உப்பு, வேக்காடு, உலர்ச்சி மூன்றும் சேர்ந்தால்தான் புகை துணைக்கு வரும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரோரிச் சட்டியில் கொதிக்கும் காய்கறிக் குழம்பின் சாறு பெரும்பாலும் மீன் சாறு. முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்குத்தான் தர்மசங்கடம். சாப்பிடக் கிடைப்பது குறைவில்லை. நாகானோவில் காய்கறி வைத்துப் பிடித்த ஓயாகி என்ற மாவு உருண்டையை இரோரிச் சாம்பலுக்குள்ளேயே புதைத்துச் சுடுகிறார்கள்; சாம்பலைத் தட்டிவிட்டு, சூடாகப் பிட்டுத் தின்ன வேண்டியதுதான். நடு ஜப்பானில் குச்சியில் பிடித்த சோற்று அடைக்கு வால்நட்டும் மிசோவும் பூசி வாட்டும் கொஹெய்மோச்சி, அகிதாவில் அதேபோல் சோற்றைக் குச்சியில் பிடித்து வாட்டும் கிரிதான்போ.

அகிதாவின் முள்ளங்கி

வடக்கே அகிதாவில் அறுவடை முடிந்த கையோடு பனி வந்துவிடும். மற்ற ஊர்களில் ஊறுகாய்க்கு முள்ளங்கியை வெயிலில் வாட்டுவார்கள். அங்கே வெயில் இல்லை. அதனால் இரோரிக்கு மேலே கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் இபுரிகாக்கோ. முழு வெள்ளை முள்ளங்கியை ஓக், செர்ரி விறகுப் புகையில் இரண்டு நாளுக்குக் குறையாமல் வாட்டி, பிறகு அரிசித்தவிடு, உப்பு, சர்க்கரை சேர்த்துக் கல் பாரம் ஏற்றி 40 நாளுக்கு மேல் ஊறவிடுகிறார்கள். வெளியே பழுப்புச் சுருக்கம், உள்ளே மஞ்சள், கடித்தால் நறுக்கென்று முறியும். புகைமணம் மூக்குக்கு ஏறும். மெல்லிய வில்லையாக அரிந்து கிரீம் சீஸோடு தின்பது இப்போதைய வழக்கம். தயிர்சாதத்துக்கு அதைவிடப் பொருத்தம் என்பது என் கட்சி.

2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜப்பானின் திருத்திய உணவுச் சுகாதாரச் சட்டம் 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்து, மூன்றாண்டு அவகாசம் 2024-இல் முடிந்தபின், உரிமம் பெற்ற தனிக் கூடத்தில் செய்த ஊறுகாயைத்தான் விற்கலாம். வீட்டில் செய்து சந்தையில் விற்றுவந்த முதியவர்களில் பலர், செலவுக்குப் பயந்து கைவிட்டார்கள். உங்கள் வீட்டு இரோரியில் நீங்கள் செய்து நீங்களே சாப்பிட உரிமம் தேவையில்லை. அக்கம்பக்கத்தில் விற்கும் எண்ணம் வந்தால் மாவட்டச் சுகாதார நிலையத்தை முதலில் கேளுங்கள்.

கரியின் ஆபத்து

விழித்திருப்பவரைப் புகை கண்ணைக் கரித்து எச்சரிக்கும். கரியும் சாம்பலில் புதைத்த கங்கும் எச்சரிக்காது. பின்சோதான் போன்ற நல்ல கரி புகையே இல்லாமல் எரியும், கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், சோர்வு வந்தால் களைப்பு என்று படுத்துவிடாமல் உடனே எல்லாரையும் வெளியே கூட்டிப் போய், அவசர எண் 119-ஐ அழையுங்கள். பழைய வீட்டில் சுவரிலும் கதவிலும் ஆயிரம் இடுக்கு; காற்று தானாக வந்து போகும். அலுமினியச் சன்னல் போட்டு அடைத்த வீட்டில் அப்படியல்ல. கரி எரியும் அறையில் எதிரெதிராக இரண்டு சன்னல் சற்றே திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கட்டும். சமையலறையில் புகையை வெளியேற்றும் விசிறியை முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள்; அது வீட்டுக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து, மேலே போகவேண்டிய புகையைக் கீழே இழுக்கும்.

வாங்குவோருக்கு

2023-ஆம் ஆண்டின் அரசு கணக்கெடுப்பில் ஜப்பானில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. மலையூர்களில் விலைக்கு வரும் பழைய வீடுகளில் இரோரி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். எரிவாயுவும் மண்ணெண்ணெய் அடுப்பும் வந்தபோது பலர் குழியைப் பலகையால் மூடி, மேலே ததாமிப் பாய் விரித்துவிட்டார்கள். பெரிய அறையின் நடுவில் உத்தரத்தில் கொக்கி மாட்டிய தேய்மானம் தெரிகிறதா பாருங்கள். அதற்கு நேர் கீழே பாயைத் தூக்கச் சொல்லுங்கள். பழைய சாம்பலோடு குழி அப்படியே இருப்பதுண்டு.

குழி இருந்தால் மட்டும் போதாது. பின்னாளில் அடித்த தாழ்வான மச்சு புகை ஏறும் வழியை அடைத்திருக்கும். உச்சித் திறப்பைத் தகரக் கூரை மூடியிருக்கும். இவை இரண்டையும் திறக்காமல் விறகு வைத்தால் வீடு அரைமணியில் புகைக்கூடாகிவிடும். குழியின் அடிப்பகுதி தரை மண்ணில் கல்லும் களிமண்ணுமாக உட்கார்ந்திருக்கிறதா, அல்லது மரப்பெட்டியாகத் தொங்குகிறதா என்று தரைக்கு அடியில் விளக்கடித்துப் பாருங்கள். மரப்பெட்டி என்றால் தீ தாங்கும் பூச்சும் உலோகத் தகடும் இல்லாமல் தொடாதீர்கள். நெருப்பு எரியும் அறையின் சுவருக்கும் மச்சுக்கும் என்ன பொருள் பயன்படுத்தலாம் என்பதில் கட்டடச் சட்டம் கண்டிப்பானது. பழைய வீட்டில் பழகிய கட்டடக் கலைஞரை வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். புது வீடுகளுக்கு 2006 முதலும், பழைய வீடுகளுக்கு அதிகபட்சம் 2011-இலிருந்தும் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். இரோரி அறையில் புகையை உணரும் கருவி நாள்தோறும் அலறும், அலறலைத் தாங்காமல் யாராவது கழற்றி வைத்துவிடுவார்கள். அங்கே சூட்டை உணரும் வகையைப் பொருத்தி, படுக்கையறையிலும் மாடிப்படியிலும் புகை வகையை வையுங்கள்.

நகரத்து அடுக்குமாடியிலோ, காற்றுப்புகாமல் கட்டிய புது வீட்டிலோ விறகு இரோரி வைக்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். உயர்ந்த கூரையும் இடுக்குள்ள சுவரும் இல்லாத இடத்தில் அந்தப் புகைக்குச் செய்ய வேலை எதுவுமில்லை, கெடுதல் மட்டுமே உண்டு. எரியும் இரோரியை நெருக்கத்தில் பார்க்க, கவாசாகியில் 1967 முதல் இயங்கும் நிஹோன் மின்காஎன் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய வீடுகளில், கூரையைக் காக்கவென்றே தன்னார்வலர்கள் இரோரியில் விறகு எரிக்கிறார்கள்.

நீண்டநாள் மூடிக்கிடந்த குழியில் முதல் நெருப்பு மூட்டும் நாளுக்கு முன், பழைய சாம்பலைச் சலித்து வெயிலில் காயவிடுங்கள். உத்தரத்துத் தூசியையும் ஒட்டடையையும் துடைத்தெடுங்கள். காய்ந்த தூசி பொறிக்குத் தீனி. வாளியில் தண்ணீரும் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீ விபத்தோ என்று பிறர் ஐயப்படும் அளவுக்குப் புகை எழுவதாக இருந்தால் முன்கூட்டியே தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் விதிகள் அப்படி. இன்ன தேதியில், இன்ன நேரத்தில் என்று போன் செய்து சொல்லுங்கள், பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். முதல் சில நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளியோடு நிறுத்திக்கொண்டு, புகை எந்த வழியாக வெளியேறுகிறது என்று வாசலில் நின்று கூரையைப் பாருங்கள்.